ஆறாம் அறையில் ஐந்தாவது ஆள்

நாரணாபுரத்தைத் தாண்டி, கரிசல் காட்டுக்கு நடுவில் இருந்தது அந்தப் பட்டாசுக் கம்பெனி. பானுப்பிரியா வேலைக்குச் சேர்ந்த அன்று காலையில் அவளுடைய செல்போனை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டார்கள். போர்மேன் தங்கப்பாண்டியன் ஒரு சின்ன டிஜிட்டல் கேமராவை அவள் கையில் கொடுத்தார். விலை மலிவான சாமான். பிளாஷ் எரியாதபடி கறுப்பு டேப் ஒட்டியிருந்தது.

"அறைக்கு நாலு பேருக்கு மேல இருக்கக் கூடாது தாயி. ஆள் கூடுனா கம்பெனிக்குப் பூட்டுத்தான். தினமும் ஒவ்வொரு அறையா வெளிய நின்னு படம் எடுத்துட்டு வா."

வேப்பமரங்களுக்கு இடையில் அறைகள் தள்ளித் தள்ளி நின்றன. வெயில் ஏற ஏற, மருந்து வாடை தொண்டையில் கசந்தது. ஆறாம் அறையில் மாடத்தியும் மூன்று பெண்களும் புஸ்வாணப் பூச்சட்டிக்கு மருந்து அடைத்துக்கொண்டிருந்தார்கள். கையெல்லாம், முகமெல்லாம் வெள்ளிப் பொடி.

"நல்லா எடு தாயி. எனக்கு மறுபடி மாப்பிள்ளை பாக்கணும்," என்றாள் மாடத்தி.

"இந்த மூஞ்சியப் பாத்தா மாப்பிள்ளை சாத்தூர் வரைக்கும் ஓடுவான்," என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

பானு சிரித்துக்கொண்டே எடுத்தாள்.

ஆபீஸ் கம்ப்யூட்டரில் பார்த்தபோது, படத்தில் ஐந்து பேர் இருந்தார்கள்.

சுவரோரம் ஒருத்தி, முதுகைக் காட்டியபடி.

தங்கப்பாண்டியன் மாடத்தியைக் கூப்பிட்டார். "உன் தங்கச்சியத்தானே உள்ள ஒளிச்சு வச்சிருக்கே? ஆளக் கூட்டி வச்சு, உன் கணக்குல பூச்சட்டியக் கூட்டிக் காட்டுறியா?"

"மாரியாத்தா சத்தியமா இல்லை ஐயா. நாங்க நாலு பேருதான்."

"அப்ப படம் பொய் சொல்லுதா? நாளைக்கும் இப்படி இருந்துச்சுன்னா நீ வரவே வேண்டாம்."

மாடத்திக்குப் புருஷன் இல்லை. பள்ளிக்கூடம் போகிற பெண் ஒருத்தி உண்டு. ஆளை ஒளித்து வைத்தவள் என்று பெயர் வந்துவிட்டால், இந்தப் பக்கத்தில் வேறு எந்தக் கம்பெனியும் அவளை உள்ளே விடாது. வெளியே வந்ததும் பானுவை முறைத்தாள். "என்ன செஞ்சே தாயி அந்தக் கேமராவ?"

பானுவுக்கும் அவள்மேல் சந்தேகம்தான். ஒரு கேமரா தானாக எப்படி ஓர் ஆளைச் சேர்க்கும்?

மறுநாள் காலையில் கண்ணால் எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் எடுத்தாள். நாலு பேர். திரையில் பார்த்தாள்.

ஐந்து.

இந்த முறை அந்த ஐந்தாவது ஆள் மாடத்திக்குப் பக்கத்தில் இருந்தாள்.

பானு படத்தைப் போர்மேனிடம் காட்டவில்லை. மத்தியானம் மரத்தடிக்குப் போய் மாடத்தியிடம் காட்டினாள். மாடத்தி வெகுநேரம் பார்த்தாள். பிறகு தன் தூக்குச்சட்டியிலிருந்து ஒரு கை சோறு எடுத்து, பூவரச இலையில் வைத்து, ஆறாம் அறை வாசலில் கொண்டுபோய் வைத்தாள்.

"யாருக்குக்கா?"

"அவ யாரா வேணா இருக்கட்டும். நாங்க நாலு பேரும் திங்கும்போது அவ மட்டும் வெறும் வயித்தோட உக்காந்திருக்கலாமா?"

அந்த இலைதான் வினையாகிப் போனது. வேலை மறுபடி தொடங்கியபின் அந்தப் பக்கம் வந்த தங்கப்பாண்டியன் அதைப் பார்த்துவிட்டார்.

"சோறு வேற போடுறியா? ஏய், நாலு பேரும் வெளிய வாங்க! போய் அந்த மரத்தடியில நில்லுங்க!"

பெண்கள் போய் நின்றார்கள். அவர் வாசலில் நின்று அறையை மூலை மூலையாகப் பார்த்தார். ஒளிய இடமே இல்லை. பக்கத்தில் நின்ற பானுவிடமிருந்து கேமராவைப் பிடுங்கி, வெற்று அறையைத் தானே படம் எடுத்தார்.

திரையைப் பார்த்தார்.

நடு அறையில் அவள் நின்றிருந்தாள். வாசலைப் பார்த்து.

முகம் இருக்க வேண்டிய இடம் கரிந்து கிடந்தது. ஒரு கை மட்டும் போ போ என்று விரட்டுவதுபோல உயர்ந்திருந்தது.

"ஓடுங்க," என்றார் தங்கப்பாண்டியன். பானுவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மரத்தடிக்கு ஓடினார்.

அவர்கள் முதுகுக்குப் பின்னால் ஆறாம் அறை வெடித்தது.

புகை அடங்கியபோது சுவர்கூட மிச்சமில்லை. ஆனால் ஒருத்தர் மேலும் ஒரு கீறல் இல்லை. தங்கப்பாண்டியன் மாடத்தியின் முன்னால் கும்பிட்டபடி நின்றார். "என்னை மன்னிச்சிரு ஆத்தா. நீ இல்லாம இந்தக் கம்பெனி இனி ஓடாது." அந்த ஒரு கைச் சோற்றை மாரியாத்தா பார்த்திருக்கிறாள் என்று பானு மனதார நம்பினாள்.

சாயங்காலம் பெண்கள் கம்பெனி வேனில் ஏறினார்கள். ஜன்னல் ஓரம் மாடத்தி. "ஒரு படம் எடு தாயி. உசுரோட வாறோம்னு எம்பிள்ளைக்குக் காட்டணும்."

போர்மேன் திருப்பிக் கொடுத்த கேமராவில் பானு எடுத்தாள். வேன் புறப்பட்டது. திரையைப் பார்த்தாள்.

மாடத்தியின் மடியில் ஒரு தலை சாய்ந்திருந்தது, களைத்த பிள்ளை தூங்குவதுபோல.

பானு நிமிர்ந்து பார்த்தாள். வேன் வளைவில் திரும்பிக்கொண்டிருந்தது. மாடத்தி ஒரு கையை வெளியே நீட்டி டாட்டா காட்டினாள்.

அவளுடைய இன்னொரு கை, அவளுக்கே தெரியாமல், மடியில் எதையோ மெல்ல வருடிக்கொண்டிருந்தது.