பால் மறக்காத குட்டி

நாகஜோதியின் குழந்தை மூன்று நாளாகப் புட்டிப்பாலைத் தொடவில்லை. ரப்பரை உதட்டில் வைத்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டதே தவிர, பசிக்கிறது என்று ஒருமுறைகூட அழவில்லை. பரளச்சி அங்கன்வாடியில் எடை போட்ட கனகலட்சுமி டீச்சர் சிரித்தார்.

"அரைக் கிலோ கூடியிருக்கானே! என்னத்தக் குடுக்குற?"

நாகஜோதி பிள்ளையை வாங்கி மாரோடு அணைத்துக்கொண்டாள். அவளுக்குப் பால் வற்றி இரண்டு மாதம் ஆகிறது.

வீடு ஊரைவிட்டுத் தள்ளி, கரிசல் காட்டுக்கு நடுவில் தனியாக இருந்தது. கணவன் ஜெயபாண்டி தூத்துக்குடிக்கு லோடு ஏற்றிப் போனால் திரும்ப நாலு நாள் ஆகும். அவளுக்குத் துணையாக இருக்கட்டும் என்றுதான் போன வாரம் டவுனில் நாய்க்குட்டி விற்கும் கடைக்குக் கூட்டிப்போனான். கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்ததிலேயே பொடிசாக ஒன்றை அவள்தான் கைகாட்டினாள். "ரெண்டு மாசக் குட்டிக்கா, ஊசியெல்லாம் போட்டாச்சு" என்றான் கடைக்காரன். அவள் பிறந்த வீட்டில் குட்டி தூக்க வருகிறவர்கள், தாய் நாய்க்கு ஒரு கும்பா சோறு வைத்து, அது தின்று முடிக்கும்வரை நின்றுவிட்டுத்தான் தூக்குவார்கள். கடையில் தாய் எங்கே என்று கேட்க அவளுக்குத் தோன்றவே இல்லை.

மூன்றே நாளில் குட்டி ரத்தமாகக் கழிந்து செத்துப்போனது. "ஒரு மாசங்கூட ஆகலம்மா, பால் மறக்காத குட்டி" என்றார் திருச்சுழி மாட்டாஸ்பத்திரி டாக்டர். அவளே அதை வேலியோரம் புதைத்தாள். மறுநாளிலிருந்துதான் குழந்தை புட்டியை வெறுத்தது.

எடை போட்டுவிட்டு வந்து குழந்தையைச் சேலைத் தொட்டிலில் போட்டாள். உச்சி வெயிலில் சீமைக்கருவேலம் ஓர் இலைகூட அசையாமல் நிற்க, அடுப்படியில் உலை கொதிக்கும் சத்தத்துக்கு ஊடே சிமெண்டுத் தரையில் நகம் உரசும் ஓசை கேட்டது, கூடவே பினாயிலும் மூத்திரமும் கலந்து அந்தக் கடையில் அடித்த அதே வாடையும் வந்தது. ஓடிப்போய்ப் பார்த்தாள். யாருமில்லை. குழந்தையின் கடைவாயில் பால் வழிந்திருந்தது. கன்னத்தில் ஒரு செம்பட்டை மயிர் ஒட்டியிருந்தது.

கடைக்காரனுக்குப் போன் போட்டாள்.

"அண்ணே, அந்தக் குட்டியோட தாயி எங்க இருக்கு?"

"எதுக்குக்கா கேக்குறீக?"

"சொல்லுங்கண்ணே, ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"அது கம்பிக் கூண்டுக்குள்ளயே ஈனிக்கிட்டுக் கெடந்த நாயிக்கா. குட்டிகளத் தூக்குன அன்னைக்கே, பால் கட்டிச் செத்துப்போச்சு."

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். மூன்று நாளில் முதல்முறையாகக் குழந்தை வீறிட்டது. மூச்சடைத்தது. உதடு நீலம் பாய்ந்தது. வேறு வழி தெரியவில்லை. தொட்டிலில் விட்டாள். உடனே அடங்கியது.

சோற்றை வடித்துக் கும்பாவில் போட்டுக்கொண்டு வேலிக்கு ஓடினாள். செருப்பில்லாத கால் கொதித்தது. குட்டியைப் புதைத்த மண்மேல் கும்பாவை வைத்து விழுந்தாள்.

"தாயி, தெரியாமச் செஞ்சுட்டேன். ஒம் பிள்ளையத் தூக்கயில ஒனக்கு வைக்காத சோறு இது. தின்னுட்டுப் போயிரு. எம் பிள்ளைய விட்டுரு தாயி!"

காற்று இல்லை. காக்கை இல்லை. அழுகைச் சத்தமும் இல்லை.

நிமிர்ந்தாள். மண்மேல் கும்பாவைக் காணவில்லை.

ஓடினாள்.

நிலைப்படியில் கும்பா இருந்தது. அடியில் ஈர மண். சோறு ஒரு பருக்கை குறையவில்லை.

உள்ளே தொட்டில் காலியாகத் தொங்கியது. அதன் கீழே செம்பட்டை நாய் ஒன்று நின்றது. விலாவில் கட்டம் கட்டமாகக் கம்பி பதிந்த தழும்பு. தரையைத் தொடும் மடி. சட்டைக் கழுத்தோடு குழந்தையை வாயில் கவ்வியிருந்தது. குழந்தை அழவில்லை.

நாய் அவளைப் பார்த்தது. கும்பாவைப் பார்த்தது.

அவள் தின்று முடிப்பதற்காக நின்றுகொண்டிருந்தது.