நேரான வடு

முத்துமிதவையில் பெண் பார்க்க வருகிறவர்கள் பெண்ணைப் பார்ப்பதில்லை. பெண்ணின் அம்மாவை ஜன்னலோரம் உட்காரவைத்து, கூந்தலை ஒதுக்கி, காதுக்குப் பின்னால் பார்ப்பார்கள். அங்கே ஒரு வடு இருந்தால் காபி குடிப்பார்கள். இல்லாவிட்டால், 'இப்பத்தான் குடிச்சிட்டு வந்தோம்' என்பார்கள்.

தூத்துக்குடிக்குக் கிழக்கே கடலில் மிதக்கிற அந்த ஊரில் நாற்பதாயிரம் பேர் இருந்தார்கள். பெரியவர்கள் அத்தனை பேருக்கும் முப்பது வயது முகம். முகப்புதுக்கி என்கிற கருவிக்குள் வருடத்துக்கு ஒரு தடவை முகத்தை நுழைத்து எடுத்தால் போதும். சுருக்கம், தேமல், கருவளையம் எல்லாம் போய்விடும். ஆனால் அந்தக் கருவியின் அதிகாரம் தாடையோடு முடிந்துவிடும். அதற்குக் கீழே கழுத்து மட்டும் தொளதொளவென்று தொங்கிக்கொண்டு, கேட்காதவர்களுக்கும் உண்மை வயதைச் சொல்லிக்கொண்டிருக்கும். கழுத்தை இழுத்துக் கட்டக் கத்திதான் வழி.

கத்தி பிடிக்க இயந்திரங்கள் இருந்தன. இருபது நிமிட வேலை. வடுவும் மிஞ்சாது. பிறந்த குழந்தைக்கு முதல் வாரமே ரத்தத்தில் ஏற்றிவிடுகிற நுண்தையலிகள் எந்தக் காயத்தையும் நாலு மணி நேரத்தில் சுவடு தெரியாமல் மூடிவிடும். கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான தையல்காரர்கள், சம்பளம் கேட்காதவர்கள்.

அங்கேதான் சிக்கல் வந்தது. எல்லோர் கழுத்தும் ஒன்றுபோல இறுகிவிட்டால், நல்ல குடும்பம் எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஆகவே நல்ல குடும்பங்கள் மனித டாக்டர்களிடம் போக ஆரம்பித்தன. மாத்திரை போட்டு நுண்தையலிகளைத் தொண்ணூறு நாள் தூங்கவைத்துவிட்டு, மனிதக் கையால் வெட்டித் தைத்துக்கொண்டார்கள். அதற்குள் வடு முற்றிவிடும். பிறகு விழித்தெழும் தையலிகள் அதை உடம்போடு பிறந்தது என்று எண்ணித் தொடாமல் விட்டுவிடும். சக மனிதனை நம்பிக் கழுத்தைக் கொடுத்த குடும்பம், மூன்று மாதம் வலி பொறுத்த குடும்பம் என்பதற்கு அந்த வடுவே அத்தாட்சி.

செங்கமலத்துக்கு அறுபத்து நாலு வயது. கழுத்தும் அதைத்தான் சொன்னது. அவள் மகள் இன்பா கடல்நீர் ஆய்வுக்கூடத்தில் தன்னோடு வேலை பார்க்கும் அருள்வேலை விரும்பினாள். சித்திரைக் கடைசியில் அவன் நிலாத் தளத்துக்கு ஆறு வருட வேலைக்குக் கிளம்புகிறான். கல்யாணம் ஆனவனுக்கு இரட்டை அறை கிடைக்கும். ஆகாதவன் தனியாகத்தான் போகவேண்டும். இடையில் திரும்பி வர வழியில்லை.

"அருளோட அம்மா இதெல்லாம் ரொம்பப் பாப்பாவ," என்றாள் இன்பா. "உனக்கு இஷ்டம் இல்லன்னா வேண்டாம்மா. வேற வழி பாப்போம்."

"கழுத்து என்னோடது, கல்யாணம் உன்னோடது. நீ பேசாம இரு," என்றாள் செங்கமலம்.

முத்துமிதவையில் மனித டாக்டர்கள் மூன்றே பேர். இரண்டு பேரிடம் இரண்டு வருடம் காத்திருக்க வேண்டும். மூன்றாமவர், டாக்டர் மோத்தா, மறுநாளே வரச் சொன்னார். அதில் ஏதோ இருக்கிறது என்று செங்கமலத்துக்குத் தோன்றவில்லை. தன் அதிர்ஷ்டம் என்று நினைத்துக்கொண்டாள்.

மோத்தாவுக்குத் தொண்ணூற்றாறு வயது, முகத்துக்கு முப்பது. தாடைக்கு அடியில் ஒரு சின்ன வெட்டு; காதுமடலைச் சுற்றிப் பின்பக்கம் மயிர்க்கோடு வரை இன்னொன்று, இரண்டு பக்கமும். வேலை முடிய மூன்றரை மணி நேரம் ஆயிற்று. அவர் பேசவில்லை, பாட்டுக் கேட்கவில்லை, தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

மூன்றாம் நாள் செங்கமலத்தின் கழுத்து கத்தரிக்காய் நிறத்துக்கு வந்தது. ஆறாம் நாள் பச்சை. ஒன்பதாம் நாள் மஞ்சள். நாலு மணி நேரத்துக்கு மேல் வயதான காயத்தை அந்தத் தெருவில் யாரும் பார்த்ததில்லை. அக்கம்பக்கத்துப் பெண்கள் முறை வைத்து வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

"ஏட்டி, மாங்கா பழுக்க மாதிரில்லா பழுக்குது," என்றார் அவள் கணவர் ஆதிமூலம். மிதவையின் அடித்தளக் கசிவுகளை அடைக்கும் பொறியாளர் அவர். "பாத்து. காக்கா கொத்திரப் போவுது."

செங்கமலத்தால் சிரிக்க முடியவில்லை. சிரித்தால் தையல் இழுத்தது. கழுத்தைத் திருப்ப முடியாமல், யாராவது கூப்பிட்டால் உடம்பு முழுவதையும் திருப்பினாள். காது மரத்துப்போய்க் கிடந்தது. கம்மல் போட்டிருக்கிறோமா இல்லையா என்பதைக் கண்ணாடியில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டாள். நாலாவது வாரம் அரிப்பு தொடங்கியபோது, ஏதோ கெட்டுப்போய்விட்டது என்று பயந்து டாக்டரைக் கூப்பிட்டாள்.

"அரிச்சா ஆறுதுன்னு அர்த்தம்," என்றார் மோத்தா. "கையை மட்டும் கொண்டுபோயிராதிய. அந்தக் காலத்துல எல்லாருக்கும் இது தெரியும்."

அவர் சொன்னதை எல்லாம் செங்கமலம் எழுத்துப் பிசகாமல் செய்தாள். இரண்டு தலையணை வைத்து நிமிர்ந்து தூங்கினாள். காதுக்குப் பின்னால் சிலிக்கான் பட்டை ஒட்டிக்கொண்டாள். வெயிலில் தலை காட்டவில்லை. ஆறாவது வாரத்திலிருந்து தினம் மூன்று வேளை, இரண்டு விரலால், ஐந்து நிமிடம் வடுவை நீவிவிட்டாள்.

"பரீட்சைக்குப் படிக்க மாதிரி உக்காந்து புண்ணு ஆத்துதவ ஊர்லயே இவ ஒருத்திதான்," என்றார் ஆதிமூலம்.

தொண்ணூறாம் நாள் மோத்தா உருப்பெருக்கியை வைத்துப் பார்த்தார். வீக்கம் இல்லை, மேடு இல்லை. காது மடிப்புக்குள் ஒளிந்துகொண்டு ஒரு வெளிறிய கோடு. நரைமுடி ஒன்று ஒட்டியிருப்பதைப்போல இருந்தது. கழுத்தோ முப்பது வயது முகத்துக்குப் பொருத்தமாக நிமிர்ந்து நின்றது. டாக்டர் வெகுநேரம் உருப்பெருக்கியை எடுக்கவில்லை.

"எழுபது வருஷமா தைக்கேன். இதுமாதிரி ஒண்ணு வந்ததில்ல," என்றார். "பாதி என் வேலை. பாதி உங்க வேலை."

அடுத்த வெள்ளிக்கிழமை அருள்வேலும் அவன் அம்மா சௌந்தரவல்லியும் வந்தார்கள். சௌந்தரவல்லி ஜன்னலோரம் செங்கமலத்தை உட்காரவைத்து, கூந்தலை ஒதுக்கி, கைப்பையிலிருந்து வடுக்கண்ணாடியை எடுத்துப் பார்த்தாள். முதலில் தேடினாள். பிறகு கண்டுபிடித்தாள். பிறகு மற்றக் காதையும் பார்த்தாள்.

"எங்க தச்சிய, மதினி?"

"மோத்தா டாக்டர்ட்ட."

"டாக்டர்ட்ட." சௌந்தரவல்லி கண்ணாடியை மடித்தாள். "இவ்வளவு நேராவா?"

"நல்லா ஆறியிருக்கு."

"ஆமா, நல்லா ஆறியிருக்கு. அதான் பாக்கேன்." அவள் தன் கூந்தலைத் தூக்கிக் காட்டினாள். காதுக்குப் பின்னால் நத்தை ஊர்ந்த தடம்போல ஒரு வடு, தடித்து, வளைந்து, காதுமடலையே ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டிருந்தது. "இதைப் பாருங்க. தைக்கும்போது எங்க டாக்டருக்குப் பேத்தி போன் பண்ணியிருக்கா. அந்த இடத்துல கோணிருச்சு. நான் தப்பாச் சொல்லல மதினி. தையலியைத் தூங்கப்போட்டுட்டு மெஷின்கிட்ட ஒரு கோடு இழுத்துக்கிட்டா அது உங்களுது மாதிரிதான் இருக்கும். மெஷினுக்குத் தப்புப் பண்ணத் தெரியாதுல்லா. மனுசனுக்குத்தான தெரியும்."

காபி ஆறிக்கொண்டிருந்தது.

"இப்பத்தான் குடிச்சிட்டு வந்தோம்," என்றாள் சௌந்தரவல்லி.

அவர்கள் போன பிறகு இன்பா டம்ளர்களை எடுத்துக் கழுவினாள். கழுவியவற்றையே மறுபடி கழுவினாள்.

"அருள் அவன் அம்மா மனசு நோகப் பண்ணமாட்டேங்கான். ஆறு வருஷம் காத்திருக்கியான்னு கேக்கான்," என்றாள்.

"நீ என்ன சொன்ன?"

"இருக்கேன்னு சொன்னேன்." குழாயை மூடினாள். "ஆனா எனக்குப் பயமா இருக்கும்மா."

மறுநாள் காலை செங்கமலம் மோத்தாவின் எதிரில் உட்கார்ந்திருந்தாள். நடந்ததைச் சொல்லி, நீங்கள்தான் தைத்தீர்கள் என்று ஒரு சான்றிதழ் வேண்டும் என்றாள்.

"தாரேன். ஆனா மெஷின் அதை என்னைவிட அழகா அடிச்சுக் குடுக்கும். யாரு நம்புவா?"

"அப்ப இதைக் கொஞ்சம் கோணலாத் தச்சு விடுங்களேன்."

டாக்டர் கோபித்துக்கொள்ளவில்லை. மேஜையிலிருந்து பயிற்சித் தோல் துண்டு ஒன்றை எடுத்து, அவள் கண் முன்னாலேயே கோணலாகத் தைக்க முயன்றார். இடது பக்கம் ஒரு வளைவு, வலது பக்கம் ஒரு வளைவு. முடித்துவிட்டு நீட்டினார். புடவைக் கரைபோல, அலையலையாக, இம்மி பிசகாமல் இருந்தது.

"பாருங்க. கோணல்கூட வரிசையாத்தான் வருது," என்றார். "என்கிட்டத் தச்சதுல பதினோரு பேரு இப்படித் திரும்பி வந்துட்டாங்க. வடக்குப் பாலத்துப் பக்கம் ஒரு மெஷின் இருக்கு. வெளிய யாரும் சொல்லிக்கிட மாட்டாங்க. போயிட்டு வாங்க. நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன்."

சொல்லிவிட்டு ஊசியை அதன் டப்பாவுக்குள் வைத்து மூடினார். மூடி சரியாகப் பொருந்தும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வடக்குப் பாலத்துக்குக் கீழே இருந்த அறையில் பெயர்ப்பலகை இல்லை. ஒரு சாய்வு நாற்காலியும் அதற்கு மேல் நாலு உலோகக் கைகளும் இருந்தன. செய்தி வாசிப்பவர் குரலில் இயந்திரம் வரவேற்றது.

"மனிதக் கையால் தைத்ததுபோல வடு வேண்டுமா? முதிர்ச்சி ஒளி பாய்ச்சி, இரண்டு வருடப் பழையதாகவே தந்துவிடுகிறோம்; நுண்தையலிகள் தொடாது. முப்பது நிமிடம் ஆகும். நடுக்கம் எந்த அளவில் வேண்டும்? லேசானது, நடுத்தரம், தள்ளாமை என்று மூன்று உண்டு."

"நடுத்தரம் போதும்," என்றாள் செங்கமலம்.

"கவனச்சிதறல் ஏதாவது சேர்க்கலாமா? டாக்டருக்குத் தும்மல் வந்தது, பேத்தி தொலைபேசியில் அழைத்தது, மின்சாரம் போய் வந்தது. பேத்தியைத்தான் அதிகம் பேர் விரும்புகிறார்கள்."

செங்கமலம் உலோகக் கைகளை நிமிர்ந்து பார்த்தாள். சிரிப்பும் வரவில்லை, கோபமும் வரவில்லை.

"தும்மல்," என்றாள்.

ஒரு கை இறங்கி வந்து அவள் காதுக்குப் பின்னால் ஒளி காட்டியது. காட்டியபடியே நின்றுவிட்டது.

"இங்கே ஏற்கெனவே ஒரு வடு இருக்கிறது. மனிதக் கை."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"இருபத்து மூன்றாவது தையலுக்கு முன்னால் அவர் ஊசியை ஒரு தடவை வைத்துவிட்டு, மறுபடி எடுத்திருக்கிறார். அடுத்ததை எங்கே குத்தினால் உங்களுக்கு இழுக்காது என்று யோசித்திருக்க வேண்டும். நாங்கள் யோசிப்பதில்லை. நேர்கோடு எங்களுக்கு எளிது. இப்படி நின்று நின்று வந்த நேர்கோட்டை என்னால் செய்ய முடியாது. அழித்துவிட்டுத்தான் புதியதைப் போட வேண்டும். அழிக்கட்டுமா?"

அறையில் குளிர் அதிகமாக இருந்தது. செங்கமலம் விரலால் அந்த இடத்தைத் தொட்டாள். இரண்டு மாதம் தினம் மூன்று வேளை நீவிய பழக்கத்தில் விரல் தானாகவே கோட்டின் வழியே ஒரு முறை போய் வந்தது. பிறகு அவளுக்கு இன்பா டம்ளர் கழுவியது ஞாபகம் வந்தது.

"அழிச்சிரு."

"திரும்பப் பெற முடியாதவற்றை இரண்டு முறை கேட்பது எங்கள் வழக்கம். அழிக்கட்டுமா?"

"கேட்டாச்சுல்லா. அழிச்சிரு."

சித்திரை பத்தாம் தேதி சௌந்தரவல்லியை மறுபடி அழைத்தார்கள். அவள் வாசலிலேயே தயங்கி நின்றாள். "மதினி, என் மேலதான் தப்பு," என்று செங்கமலமே ஆரம்பித்தாள். "டாக்டர் தச்சது கோணலாப் போச்சேன்னு வெக்கப்பட்டுக்கிட்டு, அன்னைக்கு மேல தோல்படலம் ஒட்டி, நேராக் கோடு போட்டு வச்சிருந்தேன். இப்ப உரிச்சு எடுத்துட்டேன். நீங்களே பாருங்க."

ஆதிமூலம் தன் செருப்பைக் கவனமாக ஆராய்ந்துகொண்டிருந்தார்.

சௌந்தரவல்லி கூந்தலை ஒதுக்கினாள். இந்தத் தடவை வடுக்கண்ணாடி தேவைப்படவில்லை. தடித்த வடு காதுமடலைச் சுற்றித் தடுமாறிக்கொண்டே போய், நடுவில் திடுக்கென்று ஒரு தும்மல் போட்டு, மயிர்க்கோட்டைத் தாண்டி எங்கோ முடிந்திருந்தது. அவள் அதைத் தொட்டாள். தொட்ட விரலை உடனே எடுக்கவில்லை. முகப்புதுக்கியால் முப்பதாகிவிட்ட அவளுடைய கண்கள் கலங்கின.

"இதையா மறைச்சிய? இதுல ஒரு மனுசன் இருக்கான் மதினி. உயிரோட இருக்கான்." முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள். "அருள், ஆபீஸ்ல சொல்லி இரட்டை அறைக்கு எழுதிக் குடுத்திரு. இன்பா, எங்க காபி?"

இன்பா காபி கொண்டு வந்தாள். சௌந்தரவல்லி இரண்டு வாய் குடித்துவிட்டு, சம்பந்தியின் பக்கம் நெருங்கி உட்கார்ந்து குரலைத் தாழ்த்தினாள்.

"ஆமா, மோத்தா டாக்டருன்னுதான சொன்னிய? நான் விசாரிச்ச வரைக்கும் ஒருத்தரும் அவரைப் பத்தி நல்லதாச் சொல்லல. கை இம்புட்டு நடுங்குமா அவருக்கு?"

செங்கமலம் வாயைத் திறந்தாள். அருள்வேலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்த மகளைப் பார்த்தாள்.

"நடுங்கும்," என்றாள்.

"நல்ல டாக்டரா இருப்பாரு போலயே," என்றாள் சௌந்தரவல்லி. "என் தங்கச்சிக்கு அவர்ட்ட ஒரு நாள் வாங்கிக் குடுங்க."