கேஸ் மீட்டருக்குப் போன பாதை

ஜோலீன் ஓஸ்ட்பி வந்தவள் உட்காரவே இல்லை. கோட்டைக் கழற்றவில்லை, தொப்பியைக் கழற்றவில்லை. ராக்னாவின் சமையலறையில் சன்னலுக்கும் அடுப்புக்கும் நடுவே நடந்துகொண்டே இருந்தாள். அவள் பூட்ஸில் ஒட்டியிருந்த பனி உருகி, ஆரின் காலையில்தான் துடைத்த தரையில் குளம் கட்டியது. மினசோட்டாவின் அந்த ஏரிக்கரை ஊரில் ஒருவர் பூட்ஸோடு சமையலறை வரை வந்துவிட்டால் யாருக்கோ உயிர்ப் பிரச்சினை என்று அர்த்தம். ஆரின் துடைப்பத்தை எடுக்கப் போன கையை அடக்கிக்கொண்டார்.

"நாலு மணிக்கு அந்த ஆள் வர்றான் அக்கா. கையெழுத்துப் போடணும். போடவா, வேண்டாமா?"

"எந்த ஆள், எதுல கையெழுத்து, அதெல்லாம் அப்புறம். டோபின் எப்படி இருக்கான்?" என்றார் ராக்னா.

"ஆஸ்பத்திரியிலேர்ந்து அனுப்பிட்டாங்க. தலைவலி போயிடுச்சு. ஆனா மாடிப்படியில வாந்தி எடுத்துக்கிட்டுக் கிடந்தான் பாருங்க, அது என் கண்ணை விட்டுப் போகல."

ராக்னா ஒரு காலத்தில் இன்சூரன்ஸ் கம்பெனிக்காக எரிந்த வீடுகளில் ஏன் எரிந்தது என்று தேடித் திரிந்தவர். இப்போது ஓய்வு. ஆரின் அவருடைய மறைந்த கணவரின் தம்பி. பள்ளிப் பேருந்து ஓட்டியவர். அண்ணிக்குத் துப்பறியும் உதவியாளராகத் தன்னைத் தானே நியமித்துக்கொண்டவர். சம்பளம் கிடையாது. வேலையை விட்டு நிறுத்தவும் ஆளில்லை.

விஷயம் ஊருக்கே தெரிந்ததுதான். இந்தக் குளிர்காலத்தில் ஜோலீன் வீட்டில் இரண்டு முறை கார்பன் மோனாக்சைடு அலாரம் அலறியிருக்கிறது. நிறமும் இல்லாத, வாசனையும் இல்லாத வாயு. தூங்குகிறவனை எழுப்பாமலே கொண்டுபோய்விடும். முதல் தடவை தீயணைப்பு வண்டி வந்து, அளந்து, சன்னல்களைத் திறந்துவிட்டு, காரணம் தெரியவில்லை என்று போய்விட்டது. இரண்டாவது தடவை, போன வாரம், கீழ்த்தளத்து அறையில் தூங்கிய அவள் மகன் டோபின் தவழ்ந்துதான் மேலே வந்திருக்கிறான். ஜோலீனுக்கு முதியோர் இல்லத்தில் இரவு வேலை. வீட்டில் பையன் தனி.

"புரூயிட்னு ஒருத்தன் கதவுல நோட்டீஸ் செருகிட்டுப் போயிருந்தான். கூப்பிட்டேன். கேஸ்ல எரிஞ்சு வீட்டைச் சூடாக்குதே, அந்த ஃபர்னஸ் உள்ளே வெப்பத் தகடு விரிசல் விட்டிருக்கு, அது வழியாத்தான் வாயு கசியுதுன்னு சொன்னான். போன்ல படம்கூடக் காட்டினான். இன்னிக்கே கையெழுத்துப் போட்டா நாளைக்கே புது ஃபர்னஸ், தள்ளிப்போட்டா விலை ஏறிடுமாம். குளிர் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி சர்வீஸ் பண்ணது காங்காஸ் அண்ணன். அவர் விரிசலைப் பாக்காம விட்டுட்டாராம்."

"காங்காஸா?" என்று துள்ளினார் ஆரின். "அந்த மனுஷன் என் ஃபர்னஸைத் திறந்து மூடறதுக்குள்ள நான் சாப்பிட்டு, ஒரு தூக்கம் போட்டு, மறுபடி சாப்பிட்டுடுவேன். அவ்வளவு நிதானம்."

"நானும் அப்படித்தான் நினைச்சேன் அண்ணா. போன் பண்ணிக் கத்தினேன். 'என் கண்ணுல படலேன்னா தப்பு என்னுதுதான்'னு சொல்லி வச்சுட்டார். அன்னியிலேர்ந்து வேனையே வெளியில எடுக்கலையாம்." அவள் மறுபடி சன்னல் வரை போய்த் திரும்பினாள். "இன்னிக்கு ராத்திரி பனி கொட்டும்கிறாங்க. கேஸை அடைச்சு வச்சிருக்கோம். ரெண்டு கரண்ட் ஹீட்டரைச் சேத்துப் போட்டா ஃபியூஸ் போகுது. என் பிள்ளை அந்த வீட்ல மறுபடி தூங்கலாமா கூடாதா, எனக்கு அது மட்டும் தெரியணும் அக்கா."

ராக்னா காபிக் கோப்பையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "அலாரம் அடிச்சது ரெண்டு தடவையும் விடியக்காலையா?"

"ஆமா."

"முந்தின ராத்திரி பனி பெஞ்சுதா?"

ஜோலீன் நின்றாள். "பெஞ்சுது. ரெண்டு தடவையும். டோபின் போன் பண்ணி நான் ஓடி வர்றேன், தெருவுல எல்லார் வாசலும் மூடிக் கிடக்கு, எங்க கார்ப்பாதை மட்டும் சுத்தமா இருந்துச்சு. டோபின்தான் முன்னாடியே அள்ளியிருப்பான். நல்ல பிள்ளை, சொல்லிக்கவும் மாட்டான்."

"நடுவுல ஒரு வாரம் பனியே இல்லாம மூக்கு உதிர்ற மாதிரி குளிரடிச்சுதே?"

"அப்ப ஃபர்னஸ் ஓயாம ஓடுச்சு. அலாரம் கம்முனு இருந்துச்சு."

ராக்னா எழுந்து கோட்டை எடுத்தார். ஆரின் அதற்கு முன்பே தன் கோட்டில் இருந்தார். ஒரு கை மட்டும் தப்பான ஓட்டையில்.

ஜோலீன் வீட்டின் கீழ்த்தளத்தில் மூச்சு வெள்ளையாகத் தெரிந்தது. ஃபர்னஸின் முன்பலகை பளிச்சென்ற பச்சை.

"நான்தான் அடிச்சேன்," என்றான் டோபின், போர்வையைப் போர்த்திக்கொண்டு. "எங்க ஹாக்கி டீம் கலர். காங்காஸ் அங்கிள் சர்வீஸ் பண்ணிட்டுப் போன மறுவாரம். அம்மா ஒரு வாரம் என்கிட்ட பேசல."

"அழகாத்தான் இருக்கு," என்றார் ஆரின். "என் பஸ்ஸுக்கு இந்தக் கலர் அடிச்சிருந்தா பசங்க தைரியமா ஏறியிருப்பாங்க."

ராக்னா பச்சை வண்ணத்தை விளக்கடித்து மூலைக்கு மூலை பார்த்தார். திருகாணித் தலைகளை நகத்தால் தடவினார். பிறகு டோபினின் கட்டிலுக்கு மேலே இருந்த சிறு சன்னலைப் பார்த்தார். அதன் விளிம்பில் ஒரு ஆரஞ்சு வயர் வெளியே போனது. வயருக்கு இடம் விட்டு சன்னல் விரலளவு திறந்தே நின்றது.

"கார் இன்ஜினைச் சூடா வைக்கிற வயரா?"

"ஆமா. இல்லேன்னா காலைல அம்மா கார் கிளம்பாது. இந்த ஊர்ல எல்லாரும் அப்படித்தானே விட்டிருக்கோம்?"

"எல்லாரும்தான்," என்றார் ராக்னா. "காலைல பனி அள்றது நீதானா?"

டோபின் நெளிந்தான். "அம்மா ஆள் வச்சிருக்காங்கன்னு நினைச்சேன். அதான் நான் அதைப் பத்திப் பேச்சே எடுக்கல."

வெளியே, கார்ப்பாதைக்கும் வீட்டுச் சுவருக்கும் நடுவே ஆரின் இடுப்பு வரை பனிமேடு. சுவர்ப் பலகையில் மேல்தளத்துச் சன்னல் உயரம் வரைக்கும் பனி அறைந்து உறைந்த தடம். மேட்டைப் பிளந்துகொண்டு, சுவரோரமாக, மண்வெட்டியால் நேர்த்தியாக வெட்டிய ஒரு பாதை கேஸ் மீட்டர் வரை போனது. மீட்டருக்குப் பக்கத்தில், முழங்கால் உயரத்தில், ஃபர்னஸின் புகைக்குழாய். அதிலிருந்து நாலடி தள்ளி, தரையை ஒட்டி, டோபினின் சன்னல். கார்ப்பாதையின் அந்தப் பக்கம் சாக்குத்துணி சுற்றிய லைலாக் செடிகள். அவற்றின் மேல் வானத்திலிருந்து விழுந்த பனி மட்டும்தான்.

"இந்தப் பாதையை யார் வெட்டினது ஜோலீன்?"

"தீயணைப்புக்காரங்க. கேஸை அடைக்க வேணுமே."

ராக்னா தீயணைப்பு நிலையத்துக்குப் போன் போட்டார். கேட்டார். வைத்தார். "அவங்க வந்தப்பவே பாதை வெட்டியிருந்துச்சாம். வீட்டுக்காரங்க வெட்டினதுன்னு நினைச்சாங்களாம்."

பக்கத்து வீட்டில் திரை அசைந்தது. ஆரின் குரலைத் தாழ்த்தினார். "அண்ணி, அந்த லீஃப் நார்கார்ட் திரைக்குப் பின்னாடியே நிக்கிறார். குத்தவாளிங்க அப்படித்தான் நிப்பாங்க."

"வெக்கப்படறவங்களும் அப்படித்தான் நிப்பாங்க தம்பி. போய் அவரைக் கூட்டிட்டு வா. காங்காஸையும்."

"காங்காஸ் வரலேன்னா?"

"தூக்கிட்டு வா."

"என் இடுப்பு அண்ணி…"

"அப்ப திட்டு. கோவத்துலயாவது வருவார்."

நாலு மணிக்கு ஜோலீனின் சமையலறை நிறைந்திருந்தது. டெரில் புரூயிட் மேசையில் ஒப்பந்தத்தை விரித்து அதன்மேல் பேனாவையும் வைத்திருந்தான். காங்காஸ் கதவோரம் தொப்பியைக் கையில் கசக்கிக்கொண்டு நின்றார். லீஃப் நார்கார்ட், நாற்பதைத் தாண்டிய நெட்டை மனிதர், தான் அங்கே இல்லாததுபோல் குளிர்சாதனப் பெட்டியோடு பெட்டியாக ஒண்டியிருந்தார். ஜோலீன் நடந்துகொண்டிருந்தாள். வெளியே முதல் பனித்துகள்கள் இறங்க ஆரம்பித்திருந்தன.

"மிஸ்டர் புரூயிட், அந்தப் படத்தை எனக்கும் காட்டுங்களேன்," என்றார் ராக்னா. "விரிசலைப் பாக்க முன்பலகையைக் கழட்டணும் இல்லே?"

"கண்டிப்பா மேடம். எல்லாத் திருகாணியையும் கழட்டித்தான் பாத்தேன். அவசரப்படறவன் இல்லே நான்."

"டோபின் அடிச்ச பெயின்ட் ஒவ்வொரு திருகாணி மேலயும் தோல் மாதிரி ஒட்டியிருக்கு. ஒரு கீறல் கிடையாது. காங்காஸுக்கு அப்புறம் அதை யாருமே திறக்கல. படம் வேற யார் வீட்டு ஃபர்னஸோ."

"அடப் பாவி!" என்றார் ஆரின். பிறகு, சபை நாகரிகம் கருதி, "அடப் பாவி சார்," என்று திருத்திக்கொண்டார்.

டெரில் சிவந்தான். "படம் மாறியிருக்கலாம். ஆனா அலாரம் பொய் சொல்லுமா? பையன் ஆஸ்பத்திரிக்குப் போனது பொய்யா? அதுக்குத்தான் புதுசு வாங்கச் சொல்றேன்."

"புதுசுக்குப் புகைக்குழாய் எது?"

"இருக்கிற குழாய்தான். எதுக்கு வீண் செலவு?"

"அப்ப புது ஃபர்னஸும் இந்தப் பையனைக் கொன்னிருக்கும்," என்றார் ராக்னா. குரல் உயரவில்லை, ஆனால் ஜோலீனின் நடை நின்றது.

"தகடு விரிசல்னா, ஃபர்னஸ் ஓயாம ஓடின அந்தக் கடுங்குளிர் வாரத்துலதான் அலாரம் முதல்ல அடிச்சிருக்கணும். அடிக்கல. பனி பெஞ்ச ராத்திரிக்கு மறுநாள் மட்டும் அடிச்சுது. ஆனா வானத்துலேர்ந்து விழற பனி செடி மேலயும் செவர் மேலயும் ஒரே மாதிரிதான் விழும். இங்கே செடிப் பக்கம் கொஞ்சம்தான், செவர்ப் பக்கம் இடுப்பளவு. யாரோ பனி வீசுற இயந்திரத்தால கார்ப்பாதையைச் சுத்தம் பண்ணி, அத்தனையையும் செவர் மேல வீசியிருக்காங்க. குழாய் புதைஞ்சிடுச்சு. அந்த வாயு கலந்த சூடான புகை பனிக்குள்ள குகை மாதிரி குடைஞ்சுக்கிட்டு, செவரோரமாவே போய், வயர் போற சன்னல் இடுக்குல நுழைஞ்சிருக்கு. கீழே இவன் தூங்கறான்."

"தீயணைப்புக்காரங்க புகைக்குழாயைத்தான் முதல்ல பாப்பாங்க," என்றார் காங்காஸ். அன்று அவர் பேசிய முதல் வாக்கியம்.

"பாத்தாங்க. குழாய் சுத்தமா இருந்துச்சு. ஏன்னா வண்டிச் சத்தம் கேட்ட உடனே ஒருத்தர் மண்வெட்டியோட ஓடி வந்து, அவங்க கேஸ் மீட்டர் கிட்ட போகட்டும்னு பாதை வெட்டிட்டார். குழாயும் வெளியில வந்துடுச்சு, காரணமும் காணாமப் போச்சு. அம்மா பிள்ளை அள்ளினான்னு நினைச்சா, பிள்ளை அம்மா ஆள் வச்சாங்கன்னு நினைச்சான். தீயணைப்புக்காரங்க வீட்டுக்காரங்கன்னாங்க, வீட்டுக்காரங்க தீயணைப்புக்காரங்கன்னாங்க. யாரும் யாரையும் கேக்கல. நம்ம ஊர்ல உதவி பண்றவங்க சொல்லிக்க மாட்டாங்க, வாங்கிக்கிறவங்க கிளற மாட்டாங்க."

எல்லாத் தலைகளும் மெதுவாகக் குளிர்சாதனப் பெட்டிப் பக்கம் திரும்பின.

லீஃபின் முகத்தில் ரத்தமே இல்லை. "செடிங்க…" என்றார். "லைலாக்குக்குச் சாக்கு சுத்தி வச்சிருந்தீங்க. அந்தப் பக்கம் வீசினா கிளை ஒடிஞ்சிடுமேன்னு செவர்ப் பக்கம் திருப்பிக்கிட்டேன். கடவுளே. குழாய் என் கண்ணுலயே படல. இருட்டுல… நான் உங்க பையனை…"

ஜோலீன் ஒரு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். அவள் கத்தப் போகிறாள் என்று நினைத்து ஆரின் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

"என்கிட்ட ஏன் சொல்லல?" என்று கேட்டாள் அவள். குரலில் கோபம் இருந்தது. கோபம் மட்டும் இல்லை.

"சொன்னா நீங்க நன்றி சொல்வீங்க. அப்புறம் நான் என்ன பண்றதுன்னு எனக்குத் தெரியாது."

டோபின் போர்வைக்குள்ளிருந்து சிரித்துவிட்டான். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின் அவன் சிரித்தது அதுதான் முதல் தடவை.

காங்காஸ் தொப்பியைத் தலையில் வைத்தார். "வேன்ல குழாய்த் துண்டு இருக்கு. புகைக்குழாய் வாயை இவர் குவிக்கிற மேடு எட்டாத உயரத்துக்குத் தூக்கிடறேன். அந்த வயரை கராஜ் வழியா மாத்து, சன்னலை அடைச்சிடு. பனி மூடும்னு நான்தான் முன்னாடியே யோசிச்சிருக்கணும், அது என் தப்பு. கேஸைத் திறந்து, விஷவாயு அளக்கிற மீட்டரை வச்சுப் பாத்து, உன் கண்ணுல காட்டிட்டுத்தான் போவேன். அப்புறம் நாளைக்கு வேற ஒருத்தரைக் கூப்பிட்டு என் வேலையைப் பாக்கச் சொல்லு. இன்னிக்குப் பையன் மேல்தளத்துல படுக்கட்டும்."

"உங்க மேல எனக்கு நம்பிக்கை இருக்கு அண்ணா. அன்னிக்குக் கத்தினதுக்கு…"

"நம்பிக்கை இருக்கட்டும். ஆளையும் கூப்பிடு."

ராக்னா மேசையிலிருந்த பேனாவை மூடி டெரிலிடம் நீட்டினார். "இவர் தன் வேலையை இன்னொருத்தரை வச்சுப் பாக்கச் சொல்றார். நீங்க, அவ இன்னொருத்தரைக் கேக்கறதுக்குள்ள கையெழுத்துப் போடச் சொன்னீங்க. யாரை வீட்டுக்குள்ள விடறதுன்னு அவளுக்கு இப்ப தெரியும். படத்தைப் பத்தி லைசென்ஸ் தர்ற அலுவலகத்துல நான் பேசிக்கிறேன்."

டெரில் ஒப்பந்தத்தைச் சுருட்டிக்கொண்டு வெளியேறினான். சற்று நேரத்தில் சக்கரம் சுழன்று அழும் சத்தம் கேட்டது. அவசரத்தில் பின்னால் எடுத்த வண்டி தெருவோரப் பனியில் புதைந்திருந்தது. சமையலறையில் யாரும் யாரையும் பார்க்கவில்லை. பெருமூச்சோடு எல்லாரும் கையுறை மாட்டினார்கள். காங்காஸ் இடது பக்கம், லீஃப் வலது பக்கம், நடுவில் ஆரின்.

"உள்ள அடப் பாவின்னு திட்டிட்டு, இங்க வந்து தள்றேன்," என்று முனகினார் ஆரின். "என் பிழைப்பைப் பாருங்க."

வண்டி கிளம்பியது, சேற்றுப் பனி முழுவதும் ஆரின் முகத்தில். டெரில் கண்ணாடியை இறக்கவில்லை. அவர்களும் அதை எதிர்பார்க்கவில்லை.

இருட்டத் தொடங்கியபோது சுவரில் குழாய் ஆள் உயரத்துக்கு நிமிர்ந்திருந்தது. கீழே ஃபர்னஸ் மெல்ல இரைந்தது. காங்காஸின் மீட்டர் பூஜ்யம் காட்டியது. ஜோலீன் அதைத் தன் கையில் வாங்கி, டோபினின் தலையணை அருகே வைத்து, இன்னொரு முறை பார்த்தாள். அதுவும் பூஜ்யம்தான். லீஃப் கொட்டுகிற பனியில் மண்வெட்டியோடு வாசலில் நின்றார், போகவும் தெரியாமல், இருக்கவும் தெரியாமல்.

அவள் கதவைத் திறந்தாள். "காபி குடிக்கிறீங்களா?"

அந்த ஊரில் காபி வேண்டுமா என்று கேட்டால் முதல் தடவை வேண்டாம் என்பார்கள். இரண்டாவது தடவை சிரமப்படாதீர்கள் என்பார்கள். மூன்றாவது தடவைதான், சரி, அரைக் கோப்பை என்று இறங்குவார்கள். பிறந்ததிலிருந்து அங்கேயே வாழும் ஆரின் இதற்கு விலக்கு எதையும் பார்த்ததில்லை.

"குடிக்கிறேன்," என்றார் லீஃப்.

காருக்குள் ஏறிக்கொண்டிருந்த ஆரின் அப்படியே நின்றார். "அண்ணி! கேட்டீங்களா? முதல் தடவையே!"

"கேட்டுது," என்றார் ராக்னா. "கதவைச் சாத்திட்டு வண்டியை எடு தம்பி. அங்க நமக்கு வேலை இல்லே."