அப்பாவின் புருவம்

தெருவே அவளை வாலு என்றுதான் கூப்பிடும். வயது பத்து. அவள் தம்பிக்கு நாலு வயது. கன்னம், வயிறு, முழங்கால் எல்லாமே உருண்டு திரண்டு இருந்ததால் அவனுக்கு உருண்டை என்று பெயர் வைத்ததும் அவள்தான்.

வாலு என்று கூப்பிட்டால் அவள் ஓடி வருவாள். உருண்டை என்று கூப்பிட்டால் அவன் திரும்பக்கூட மாட்டான். பிறந்ததிலிருந்தே அவனுக்குக் காது கேட்காது.

சில மாதங்களுக்கு முன் அவனுக்கு ஆபரேஷன் நடந்தது. காதுக்குள் ஒரு சின்னக் கருவியை வைத்துத் தைத்தார்கள். அதற்குச் சத்தத்தை அனுப்ப வெளியேயும் ஒரு கருவி உண்டு. அது காதின் மேல் உட்கார்ந்துகொள்ளும். அதிலிருந்து ஒரு வட்ட வில்லை தலையில் காந்தம்போல டப்பென்று ஒட்டிக்கொள்ளும். உருண்டை அதைச் சில சமயம் பீரோவில் ஒட்டிவைத்துவிட்டுச் சிரிப்பான்.

அவர்களுடைய அப்பா தையல்காரர். சட்டை தைக்க யார் வந்தாலும் அளவு எடுப்பதற்கு முன்னால் மகன் பெருமைதான்.

"என் பையனுக்கு இப்பல்லாம் நல்லா காது கேக்குது! கையத் தட்டினா டக்குனு பாக்கறான்!"

தெரு முழுக்கத் தம்பட்டம் அடித்தாயிற்று. வாலுவுக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை.

காரணம் இருக்கிறது. போன வாரம் உருண்டையின் பந்து சாலைக்கு ஓடியது. அவனும் பின்னாலேயே ஓடினான். எதிரே ஒரு சைக்கிள்! வாலு தொண்டை கிழியக் கத்தினாள். அவன் திரும்பவே இல்லை. சைக்கிள்காரர் பிரேக் போட்டு, தடுமாறி, எப்படியோ நின்றுவிட்டார்.

அப்பாவிடம் சொன்னபோது, "வண்டிச் சத்தத்துல உன் குரல் அமுங்கிப் போயிருக்கும்மா" என்றார்.

அன்றிலிருந்து வாலுவுக்கு ஒரே ஒரு ஆசைதான். அவள் பின்னால் நின்று கூப்பிட வேண்டும், அவன் திரும்ப வேண்டும். ஒரே ஒரு தடவையாவது!

இன்று ஆஸ்பத்திரியில் உருண்டைக்குச் சோதனை நாள். அம்மா பேருந்து ஓட்டுநர். அவளுக்கு விடுப்புக் கிடைக்கவில்லை. அப்பா புறப்பட்ட அவசரத்தில் கழுத்தில் அளவு நாடா தொங்குவதையே மறந்துவிட்டார்.

காதுச் சோதனை செய்கிறவரை வாலு 'காது அக்கா' என்றுதான் சொல்வாள். அந்த அக்கா அவர்களை ஒரு குட்டி அறைக்குள் உட்கார வைத்தார். சுவரெல்லாம் பஞ்சு வைத்த பலகை. கதவைச் சாத்தினால் வெளிச்சத்தம் துளிகூட வராது. அக்கா வெளியே போய், கண்ணாடி ஜன்னலுக்கு அந்தப் பக்கம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துகொண்டார்.

விளையாட்டு சுலபம். ஒலிபெருக்கியில் சத்தம் வந்தால் உருண்டை ஒரு கட்டையை எடுத்து வாளியில் போட வேண்டும். வாலு அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். அப்பா அவனுக்கு எதிரே, ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார்.

"சார், நீங்க அசையவே கூடாது. பேசவும் கூடாது" என்றார் அக்கா, மைக்கில்.

"சிலை மாதிரி இருப்பேன்மா!"

பூம் என்று ஒரு சத்தம். டொக்! கட்டை வாளியில் விழுந்தது. கீச் என்று இன்னொரு சத்தம். டொக்! அடுத்து ரொம்ப மெல்லிய சத்தம், வாலுவுக்கே காதைத் தீட்டிக்கொண்டு கேட்க வேண்டியிருந்தது. அதற்கும் டொக்!

"அடேங்கப்பா!" அக்காவின் குரல் துள்ளியது. "இதுகூட கேக்குதா அவனுக்கு?"

அப்பாவுக்கு வாயெல்லாம் பல். வாலுவுக்கும் தலைகால் புரியாத சந்தோஷம். அப்படியானால் அன்றைக்கு ஏன் திரும்பவில்லை? யோசித்துக்கொண்டே எதிரே பார்த்தாள்.

அப்பா சிலை மாதிரிதான் இருந்தார். கை அசையவில்லை, கால் அசையவில்லை. ஆனால் ஒவ்வொரு சத்தம் வரும்போதும் அவருடைய அடர்த்தியான புருவம் இரண்டும் மட்டும் ஜிவ்வென்று நெற்றிக்கு ஏறின! உருண்டை அந்தப் புருவத்தையே கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தான்.

வாலுவுக்குச் சுரீரென்றது. வீட்டிலும் அப்படித்தானே? கை தட்டும்போதெல்லாம் அப்பா அவன் எதிரில்தான் நிற்பார்.

சொல்லலாமா, வேண்டாமா? அப்பாவின் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். அதைக் கெடுக்க யாருக்கு மனசு வரும்? ஆனால் அந்தச் சைக்கிள் அவள் கண்முன் வந்து நின்றது.

சத்தம் எதுவும் இல்லாத நேரம் பார்த்து, தம்பியின் தோளைத் தட்டினாள். அவன் அவளைப் பார்த்தான். வாலு தன் புருவத்தைத் தூக்கினாள்.

டொக்!

"ஐயையோ, நான் இன்னும் சத்தமே போடலையே!" என்றது ஒலிபெருக்கி.

குட்டு வெளிப்பட்டுவிட்டது. அக்கா உள்ளே ஓடி வந்தார். வாலு நடந்ததைச் சொன்னாள். அப்பா தன் புருவத்தைத் தொட்டுப் பார்த்தார். முகத்தில் ஈயாடவில்லை.

"அப்போ... என் பிள்ளைக்கு ஒண்ணுமே கேக்கலையா?"

"அது இனிமேதான் தெரியும் சார்" என்றார் அக்கா. "காதுலேர்ந்து மூளைக்குப் போற நரம்பு இவனுக்கு ரொம்ப மெல்லிசு. உங்க பாஷையில சொன்னா, பல இழை முறுக்கின நூல் இருக்க வேண்டிய இடத்துல ஓரிரு இழைதான் இருக்கு. அதுல எவ்வளவு போகும்னு சோதிச்சுத்தான் பாக்கணும். நல்லவேளை வாலு கண்டுபிடிச்சா! இல்லேன்னா கருவி சரியா இருக்குன்னு நெனச்சு அப்படியே அனுப்பியிருப்பேன்."

அப்பா வாலுவைப் பார்த்தார். வாலு தரையைப் பார்த்தாள்.

"தரையில என்ன தேடறே? நல்ல வேலை செஞ்சே, கண்ணு" என்றவர், பையிலிருந்து பெரிய கைக்குட்டையை எடுத்து முகம் முழுக்க மூடிக் கட்டிக்கொண்டார். "இந்தப் புருவத்த இனி நம்பறதுக்கில்ல!"

உருண்டைக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

அக்கா கருவியை மாற்றி அமைத்துவிட்டுக் கம்ப்யூட்டருக்குத் திரும்பினார். மறுபடி சத்தம் வந்தது. உருண்டை கட்டையைத் தொடவில்லை. இன்னும் கொஞ்சம் கூட்டினார். ஊகூம். எதிரே பார்க்கப் புருவம் இல்லாததால் அவனுக்கு விளையாட்டே சலித்துவிட்டது. நாற்காலியில் உட்கார்ந்து காலை வீசி வீசி ஆட்டிக்கொண்டிருந்தான்.

கைக்குட்டைக்குள்ளிருந்து ஒரு பெருமூச்சு வந்தது.

வாலு விடவில்லை. தம்பியை அவளுக்குத் தெரியாதா என்ன? அவன் எதையாவது உன்னிப்பாகக் கவனித்தால் வாய் திறந்துவிடும், இல்லாவிட்டால் ஆடுகிற கால் நின்றுவிடும். வாலு அவன் காலையே பார்த்தாள்.

பூம்!

கால் நின்றது. பிறகு மறுபடி ஆடியது.

பூம்! மறுபடி நின்றது.

"அக்கா! காலைப் பாருங்க, காலைப் பாருங்க!" வாலு கத்திய கத்தலில் அப்பா நாற்காலியிலிருந்து விழப் பார்த்தார்.

"இரு, இரு, அவசரப்படாதே. காக்கா உக்காரப் பனம்பழம் விழுந்த கதையாகவும் இருக்கலாம்" என்றார் அக்கா. "அவனே செஞ்சு காட்டணும். கட்டைய அவனுக்குப் பிடிக்கல. வேற என்ன பிடிக்கும்?"

"பட்டன்!" என்றாள் வாலு. "அப்பா, பையக் காட்டுங்க!"

தையல்காரர் பையில் பட்டனுக்கா பஞ்சம்? பெரிய கோட்டுப் பட்டன்கள் ஒரு பிடி வந்தன. காலித் தகர டப்பா ஒன்றை அக்கா கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார். வாலு தம்பியிடம் கையாலேயே பேசினாள். அவர்கள் வீட்டில் எப்போதும் கைப்பேச்சுதான். 'பட்டனைப் பிடி. கண்ணை மூடு. தலைக்குள்ளே ஏதாவது வந்தால் போடு.'

உருண்டை கண்ணை இறுக்க மூடிக்கொண்டான். பட்டனைக் கன்னத்தோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டான்.

பூம்!

டிங்!

கொஞ்ச நேரம் அமைதி. அவன் கை அசையவில்லை. சத்தம் வராதபோது ஒரு பட்டன்கூட விழவில்லை.

பூம்! டிங்!

அவன் கண்ணைத் திறந்தான். கையைத் தன் தலையில் வைத்து, விரல்களை மடக்கி மடக்கி விரித்தான். 'உள்ளே வந்தது! உள்ளே வந்தது!'

வாலு குதித்தாள். அப்பா கைக்குட்டையை அவிழ்க்கத் தெரியாமல் அப்படியே எழுந்து குதித்தார். அளவு நாடா காலில் சிக்கிக்கொண்டது.

அடுத்து வந்த கீச்சுச் சத்தங்களுக்குப் பட்டன் விழவில்லை. மெல்லிய சத்தங்களுக்கும் விழவில்லை.

"இனிமே பேசிடுவானாம்மா?" என்று அப்பா கேட்டார்.

"அத இப்ப சொல்ல முடியாது சார். மெல்லிய நரம்பு, ஒவ்வொருத்தருக்கு ஒவ்வொரு மாதிரி. பலமான சத்தம் கேக்குது. யாரோ கூப்பிடறாங்கன்னு தெரியலாம். என்ன சொல்றாங்கன்னு புரியறது கஷ்டமா இருக்கலாம்."

"அதுக்குத்தான் கை இருக்கே!" என்றாள் வாலு.

"கரெக்ட்! அந்தக் கைப்பேச்ச விட்டுடாதீங்க" என்று அக்கா சிரித்தார்.

மாலையில் மூவரும் பேருந்து நிறுத்தத்தில் அம்மாவின் வண்டிக்காகக் காத்திருந்தார்கள். உருண்டை சுவரோரம் குந்தி, எறும்பு வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தான். வாலு ஓசைப்படாமல் அவன் முதுகுக்குப் பின்னால் போய் நின்றாள்.

அப்பாவுக்குப் புரிந்துவிட்டது. யாரும் சொல்லாமலேயே கைக்குட்டையை எடுத்து முகத்தைக் கட்டிக்கொண்டு சுவர் பக்கம் திரும்பி நின்றார். பேருந்துக்கு நின்றவர்கள் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள்.

அவன் திரும்பாவிட்டால்?

"உருண்டை!"

அவன் அசையவில்லை.

வாலு மூச்சை இழுத்துப் பிடித்தாள். கீச்சுக்குரல் வேண்டாம். அந்த பூம் மாதிரி, அடிவயிற்றிலிருந்து வரட்டும்.

"உருண்டேய்ய்ய்!"

உருண்டை திரும்பினான்.

நேராக அவளைப் பார்த்தான். கையை விரித்து, 'என்ன?' என்று கேட்டான்.

வாலு திருதிருவென்று விழித்தாள். இத்தனை நாள் கூப்பிடுவதைப் பற்றியே யோசித்தவள், கூப்பிட்ட பிறகு என்ன சொல்வது என்று யோசிக்கவே இல்லை! கண்ணில் நீர் முட்ட, 'சும்மா' என்று கையால் சொன்னாள்.

உருண்டை அப்பாவைப் போலவே தலையில் அடித்துக்கொண்டான். 'எனக்கு வேலை இருக்கு' என்று காட்டிவிட்டு எறும்புகளிடம் திரும்பினான்.

"திரும்பினானா? யாராவது சொல்லுங்கப்பா! நான் பாக்கலாமா?" என்று கைக்குட்டைக்குள்ளிருந்து அப்பா கெஞ்சினார்.

வாலு எங்கே பதில் சொன்னாள்? அவள் அடுத்த தடவை கூப்பிட மூச்சை இழுத்துக்கொண்டிருந்தாள்.