குழலில் ஒரு சொட்டு எண்ணெய்

பதினெட்டாயிரத்து அறுநூற்று நாற்பது.

துப்பாக்கி கிளப்பைப் பெருக்கித் துடைக்கும் தூசி, கிளப் கேஷியருக்குத் தர வேண்டிய பாக்கி அது. மனைவிக்குத் தையல் மெஷின் வாங்கிய வகையில் ஏறியது. தூசி என்பது பட்டப்பெயர். அவன் துடைத்துவிட்டுப் போனால் மிச்சமிருப்பது அதுதான்.

மதியம். கேஷியர் அறை.

டப்!

பாயின்ட் டூ டூ ரைஃபிளின் சத்தம் அவ்வளவுதான். குக்கர்கூட இதைவிட மிரட்டும்.

க்ரைம் கதை என்றால் இந்த இடத்தில் ஒரு பிணம் விழ வேண்டும். விழுந்தது கேஷியரின் மூக்குக்கண்ணாடி. மன்னிக்கவும்.

திறந்திருந்த இரும்புப் பெட்டியின் கதவுக்கு அப்பால் அவர் நெற்றி ஒரு கீற்றுதான் தெரிந்தது. தோட்டா அந்தக் கீற்றுக்கு இரண்டு விரல் தள்ளி, கதவின் விளிம்பில் பட்டுச் சிதறியது. மேஜைக்கடியில் போனவர், இன்ஸ்பெக்டர் வந்து கூப்பிடும்வரை வெளியே வரவில்லை.

ஜன்னலுக்கு எதிரே ஐம்பது மீட்டரில், சுடும் கூடத்தில் ரைஃபிள் கிடந்தது. கிளப் சாம்பியனுடையது. அதை வைத்துப் பூட்டும் அலமாரிக்கு இரண்டே சாவி. ஒன்று சாம்பியனிடம்... கேஷியர் மனைவியின் தம்பி. இன்னொன்று தூசியிடம்.

சாம்பியன் பதறவில்லை.

"நான் சுட்டிருந்தா அத்தான் இப்ப உங்களோட பேசிக்கிட்டு இருப்பாரா சார்? அம்பது மீட்டர்ல சட்டை பட்டனைத் தூக்கறவன் நான். இது கத்துக்குட்டி வேலை."

இன்ஸ்பெக்டருக்கு அது நியாயமாகப் பட்டது. தூசியின் பாக்கியைப் பற்றிக் கேஷியர் ஏற்கெனவே சொல்லியிருந்தார். கடன் இருக்கிறது, சாவி இருக்கிறது, குறி பார்க்கத் தெரியாது. மூன்றும் பொருந்தின!

"என்னய்யா, ஆளைத் தீர்த்தா கடன் தீர்ந்துடும்னு பார்த்தியா?"

"ஐயா, ஊசியில நூல் கோக்கவே எனக்குப் பொண்டாட்டி வேணும். நான் சுட்டிருந்தா இந்த ரூமே தப்பிச்சிருக்கும். பக்கத்துத் தெருவுல யாராவது போயிருப்பாங்க."

கேஷியர்கூடத் தலையாட்டினார். இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. விலங்கு மணிக்கட்டைத் தொட்டது.

உண்மையைச் சொன்னால் வேலை போகும். சொல்லாவிட்டால் ஆளே உள்ளே போவான்.

தூசி வேலையை விட்டுக்கொடுத்தான்.

போட்டி ரைஃபிளின் குழலுக்குள் பிரஷ் விடுகிறவனுக்கு அன்றோடு சீட்டு கிழியும். கிளப்பின் சட்டம் அது. இன்று காலை அவன் விட்டிருந்தான். கேஷியரிடம் தவணை கேட்க வேண்டியிருந்தது. மைத்துனன் துப்பாக்கி பளபளத்தால் அவர் மனம் குளிரும் என்று நினைப்பு. பித்தளை பிரஷால் கை ஓயத் தேய்த்து, மேலே தையல் மெஷின் எண்ணெய்... தாராளமாக.

"அலமாரியை நான் திறந்தது துடைக்கத்தான், சுட இல்ல. உள்ளே ஒரே மெழுகுப் பிசுக்கு ஐயா. வருஷக்கணக்கு அழுக்கு. சுரண்டி எடுத்துட்டேன். வீட்ல ஒரு டம்ளர் கழுவினவன் இல்ல நான்."

சாம்பியன் முகம் ரத்தமாகச் சிவந்தது.

"அழுக்காடா அது? தோட்டா மேல இருக்கிற மெழுகு குழல் பூரா படிஞ்சாத்தான்டா குறி நிக்கும்! மொட்டைக் குழல்ல எண்ணெயும் விட்டா, முதல் பத்து தோட்டா அது இஷ்டத்துக்குத்தான் போகும். அதானே பார்த்தேன்... என் கைக்கு ரெண்டு விரல் தப்புமான்னு!"

இன்ஸ்பெக்டர் மெல்ல அவன் பக்கம் திரும்பினார்.

சாம்பியன் வாயை மூடினான். தாமதம்.

விலங்கு கை மாறியது.

கிளப் தோட்டாக்களை அவன் வெளியே விற்றதை, அத்தான் நாளை கமிட்டியில் சொல்வதாக இருந்தாராம். ஜீப்பில் ஏறும்போது அவன் திட்டியது என்னவோ அத்தானை அல்ல, பிரஷை.

கேஷியர் கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டார்.

"பாக்கியை மறந்துடுப்பா. நாளைக்கு வேலைக்கு வா. பிரஷை மட்டும் தொடாதே."

தூசி தலையைச் சொறிந்தான். வழக்கம்போல இன்றும் சோம்பேறியாக இருந்திருந்தால், கேஷியரோடு அந்தப் பாக்கியும் போயிருக்கும்.

"எப்படிப் பார்த்தாலும் இன்னிக்குத் தீர வேண்டிய கடன்தான் சார்," என்றான். "நான்தான் வீணா கை வலிக்கத் தேய்ச்சிட்டேன்."