காற்று இல்லை என்று எழுதிய பக்கம்

கிண்ணங்கள் நின்றுவிட்டன. புதுத் திரையில் மட்டும் காற்று நிற்கவில்லை.

மத்தியானம் ஒன்றரை மணி. காத்துக்காரர் அறை வாசலில் நின்று, கண்ணுக்கு மேல் கையை வைத்துக்கொண்டு கோபுரத்தை அண்ணாந்து பார்த்தார். அறுபது மீட்டர் இரும்புக் கோபுரம். உச்சியில், காற்றில் சுழன்று வேகம் காட்டும் பழைய கருவியின் மூன்று கிண்ணங்களும் ஆணி அடித்த மாதிரி இருந்தன. வெட்டவெளியில் ஒரு புல் ஆடவில்லை. ஒரு கிலோமீட்டர் தள்ளி, அணு உலைக் கட்டடங்களுக்குப் பின்னால் எழும்பிய நீராவி, யாரோ கயிறு கட்டி மேலே இழுப்பதுபோல நேராகப் போனது. வெயிலில் காய்ந்த பெயின்ட் வாடை. வேறு ஒன்றுமில்லை. கட்டடம் பக்கத்தில் இருந்தால் காற்றின் கணக்கு கெட்டுவிடும் என்று இந்த அறையை இப்படித் தனியாகக் கட்டிப்போட்டார்கள். உள்ளே உட்காருகிறவனுக்கு என்ன கெடும் என்று யாரும் கேட்டதில்லை.

உலையிலிருந்து என்றைக்காவது விஷக்காற்று கசிந்தால் அது எந்த ஊர்ப்பக்கம் போகும் என்று சொல்லவேண்டும். அதற்காக மணிக்கு ஒரு தரம் காற்றைப் பார்த்து நோட்டில் எழுதவேண்டும். முப்பத்தோரு வருஷமாக அதுதான் அவர் வேலை. இப்போது கருவியை மாற்றுகிறார்கள். இரண்டு வாரம் பழையதும் புதியதும் பக்கத்தில் பக்கத்தில் ஓடும். இரண்டும் ஒத்துப்போனால் பழையதைக் கழற்றிவிடுவார்கள். அவரையும்தான்.

புதுசுக்குக் கிண்ணமும் இல்லை, வாலும் இல்லை. மேலே மூன்று இரும்பு விரல், கீழே மூன்று. சத்தத்தை அனுப்பிக் காற்றை அளக்கிறதாம். அசையாத சாமான் அசைவதை அளக்கும் என்றால் நம்புகிறவன் நம்பட்டும். அறுபது, முப்பது, பத்து என்று மூன்று உயரத்தில் ஒவ்வொன்று மாட்டியாகிவிட்டது. நாலாவது உதிரி. சோதனை பார்க்க வயர் கொடுத்து அவர் மேஜைமேலேயே வைத்திருந்தார்கள். திரையில் நாலு கோடு.

காலையில், புதுசை மாட்ட வந்த இன்ஜினியரம்மா அந்த உதிரியை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"ஊதுங்க ஐயா."

"நான் என்ன பலூனா விக்கிறேன்?"

"சும்மா ஊதுங்க."

ஊதினார். முன்பல் இரண்டு இல்லாத வாய். கோடு எழும்பி, நடுவில் பிளந்து, ஓரத்தில் வெடவெடவென்று நடுங்கி அடங்கியது. அவள் சிரித்துவிட்டாள்.

"உங்க கையெழுத்து மாதிரியே இருக்குய்யா. வேற யாருக்கும் இப்படி வராது."

"கையெழுத்துன்னதும் ஞாபகம் வருது" என்று பழைய நோட்டுகளை மேஜையில் அடுக்கினாள். எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றப் போகிறார்களாம். எழுதியது எல்லாம் சரிதான் என்று ஒவ்வொரு நோட்டிலும் அவர் கையெழுத்துப் போடவேண்டும். முப்பது நோட்டில் போட்டார். ஒன்றை மட்டும் ஓரமாக நகர்த்தினார்.

"அதுக்கு மட்டும் பேனா எழுதலையா?"

"அப்புறம் போடறேன்மா."

"அஞ்சு மணிக்கு வண்டி வரும். அதுக்குள்ள போட்டு வைங்க."

அது பதினோரு வருஷத்துக்கு முந்திய நோட்டு.

அவர் உள்ளே வந்து உட்கார்ந்தார். இடது பக்கம் பழைய கருவியின் முள், பூஜ்யத்தில். வலது பக்கம் திரை. அறுபது மீட்டர்க் கோடு மட்டும் கொஞ்சம் எழும்பியது, தாழ்ந்தது. அவளுக்குப் போன் போட்டார்.

"காத்தே இல்ல. இது என்னத்தம்மா காட்டுது?"

"காத்து வேகம் செகண்டுக்கு அரை மீட்டருக்குக் கீழ போனா உங்க கிண்ணம் திரும்பவே திரும்பாதுய்யா. நீங்க காத்து இல்லைன்னு எழுதினப்பெல்லாம் அங்க ஏதோ கொஞ்சம் இருந்துகிட்டேதான் இருந்திருக்கும். உங்களுக்குத் தெரியல, அவ்வளவுதான்."

வைத்துவிட்டாள். அவர் கோட்டையே பார்த்தார். சின்னதாக ஒரு ஏற்றம், உடனே இன்னொன்று. பிறகு நீளமாக ஒரு இறக்கம். நின்றது. திரும்பவும் சின்னதாக ஒன்று, இன்னொன்று. நீளமாக இறக்கம். காற்று இப்படி வீசாது. காற்றுக்கு ஒழுங்கு கிடையாது என்பது முப்பத்தோரு வருஷத்தில் அவர் கற்ற ஒரே பாடம்.

இரண்டாக இழுத்து, ஒன்றாக விடுகிற மூச்சு.

மாப்பிள்ளைக்கு இழுப்பு உண்டு. தங்கை புருஷன். இதே அறையில் பத்து வருஷம் அவருக்கு எதிர் நாற்காலி. பேசாத நேரத்திலும் அந்த மூச்சு பேசிக்கொண்டிருக்கும். இரண்டாக இழுப்பான், விசில் மாதிரி நீளமாக விடுவான். "வாயை மூடிட்டுத்தான் மூச்சு விடேன்டா" என்று இவர் கத்துவார். "மூடினா உங்க தங்கச்சி விதவை மச்சான்" என்பான்.

பதினோரு வருஷத்துக்கு முந்திய அந்த நாளில் உச்சிக் கிண்ணம் சிக்கிக்கொண்டது. மேலிடத்திலிருந்து போன்மேல் போன். எட்டு மீட்டர் வேகத்துக்கு மேல் காற்று இருந்தால் ஆளை ஏற்றக்கூடாது என்பது சட்டம். பத்து மீட்டர் உயரத்துக் கருவியின் முள் பதினொன்றில் நின்றது. "அஞ்சு நிமிஷ வேலை, ஏறுடா" என்றார். ஏறினான். விழுந்த சத்தம் கேட்டதும் அவர் முதலில் வெளியே ஓடவில்லை. நோட்டை இழுத்துப் பூஜ்யம் என்று எழுதினார். அதற்கப்புறம்தான் ஓடினார். கிட்டே போனபோது இன்னும் இழுத்துக்கொண்டிருந்தது. இரண்டாக.

காற்றே இல்லாத நாளில் கவனமில்லாமல் விழுந்தவன் என்று முடித்துவிட்டார்கள். தங்கை ஒரே ஒரு தரம் கேட்டாள். "இலை அசையலம்மா" என்றார். அவள் வீட்டுப் பின்அறையில்தான் இருக்கிறார். பெண்டாட்டி போனபிறகு அவருக்கு அவளை விட்டால் நாதியில்லை.

இரண்டு மணி. இன்றைய நோட்டில் எழுதவேண்டிய நேரம். கிண்ணம் சொன்னதை எழுதினார். பூஜ்யம்.

அறுபதின் கோடு படுத்துவிட்டது.

முப்பதின் கோடு எழுந்தது. சின்னதாக ஒன்று. இன்னொன்று. நீளமாக இறக்கம்.

வயர் கோளாறு. அப்படித்தான் இருக்கவேண்டும். வாசலுக்குப் போய்க் கோபுரத்தை அடியிலிருந்து நுனிவரை பார்த்தார். வெறும் இரும்பு. வெறும் வானம். ஏணிப்படிகள்மேல் வெயில் படிந்திருந்தது. ஆனால் நடுவில், முப்பது மீட்டர் பக்கம், ஒரு படி மட்டும் மினுங்கவில்லை. மறைக்க அங்கே ஒன்றுமில்லை.

போன் அடித்தது. தங்கை.

"சாப்டியா அண்ணே? டப்பாவைத் திறந்தாவது பாத்தியா?"

"சாப்பிடுவேன்."

"குரல் என்ன ஒரு மாதிரி இருக்கு?"

தொண்டைவரை வந்தது. பதினோரு வருஷம் அங்கேயே நின்ற சொல். "அம்மாடி, அன்னிக்கு..." என்றார்.

"என்னைக்கு?"

அவள் வீட்டுக் குழாயில் தண்ணீர் சொட்டுவது கேட்டது. சொல்லிவிட்டால் சாயங்காலம் எந்த வாசலுக்குப் போவது?

"ஒண்ணுமில்ல."

"அங்கே காத்தாவது வருதா?"

"இலை அசையல."

சொன்ன வாய் மூடுவதற்குள் முப்பது படுத்தது. பத்து எழுந்தது.

ரிசீவரை வைத்தார். கதவைச் சாத்தினார். தாழ்ப்பாள். ஜன்னல் கொக்கி. மின்விசிறியையும் நிறுத்தினார். அறை புழுங்கியது. சுவர்க்கடிகாரம். தன் மூச்சு. பத்து மீட்டர் என்றால் கூரைக்குக் கொஞ்சம் மேலே. தகரம் ஒரு தரம் டங்கென்றது. வெயிலுக்குத் தகரம் சத்தம் போடும். தினமும் போடுவதுதான்.

பத்தும் படுத்தது.

நாலாவது கோடு.

மேஜைமேல், கைக்கெட்டும் தூரத்தில், மூன்று இரும்பு விரல் மேலே, மூன்று கீழே. நடுவில் ஒன்றுமில்லை. கோடு எழும்பியது. எழும்பியது. நீளமாக இறங்கியது. தன் மூச்சாக இருக்கும் என்று மூச்சைப் பிடித்தார். பத்து எண்ணினார். இருபது. காது அடைத்தது.

கோடு நிற்கவில்லை.

எதிர் நாற்காலியின் பிரம்பு கிறீச்சென்று தாழ்ந்தது.

அந்த நோட்டை இழுத்தார். பக்கம் தானாகவே அங்கேதான் திறந்தது. பூஜ்யம். பக்கத்தில் பதினொன்று என்று எழுதினால் போதும். ஒரே ஒரு எண். பேனாமுனை காகிதத்தைத் தொட்டது. எதிரே மூச்சு நின்றது. காத்திருக்கிற மாதிரி நின்றது. அவருக்கோ தங்கை முகம் நினைவுக்கு வந்தது. தட்டை வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் உள்ளே போகிற தங்கை. பூட்டிய பின்அறை. சாகிறவரை இந்த மாதிரி ஒரு அறையில் ஒற்றையாய்.

பதினொன்றை எழுதவில்லை. எல்லாம் சரி என்று எழுதினார். கையெழுத்து. தேதி.

கோடு படுத்தது. நாலும் படுத்தன. பிரம்பு நிமிர்ந்தது.

அப்பாடா. காத்துக்காரர் பிடித்ததையெல்லாம் சேர்த்துப் பெருமூச்சு விட்டார். உதிரிக்கு நேரே.

பூஜ்யம்.

குனிந்து ஊதினார். பூஜ்யம். கன்னம் உப்ப ஊதினார். பூஜ்யம். உள்ளங்கையை வாய்க்கு நேரே வைத்து ஊதினார். கையில் ஒன்றும் படவில்லை.

தங்கைக்குப் போன் போட்டார்.

"ஹலோ?"

"அம்மாடி, நான்தான்."

"ஹலோ? யாரு?"

"நான்தான்! அண்ணன்!"

"அண்ணே, நீயா? உன் ஆபீஸ் நம்பர்தான் காட்டுது. ஒண்ணும் கேக்கல. ஒரே காத்துச் சத்தமா இருக்கு. அவ்வளவு காத்தா அங்க? அண்ணே?"

கத்தினார். அவள் வைத்துவிட்டாள்.

ஜன்னலுக்கு வெளியே புல் ஆடவில்லை. நீராவி நேராகப் போய்க்கொண்டிருந்தது. பழைய முள் பூஜ்யத்தில். திரையில், அறுபது மீட்டர்க் கோடு திரும்பவும் எழுந்தது. சின்னதாக ஒன்று, இன்னொன்று, நீளமாக இறக்கம்.

அது இறங்கி முடிந்ததும், அதே கோட்டில், இன்னொன்று. காலையில் அவர் ஊதியபோது வந்த மாதிரியே எழும்பி, நடுவில் பிளந்து, ஓரத்தில் வெடவெடவென்று நடுங்கியது.