மூணு கம்பி மட்டும்

சண்முகப்பிரியாவின் இடது கையில் இரண்டு விரல்களுக்குப் பெரிய கட்டு. பள்ளி வேன் கதவைச் சாத்தும்போது மோதிர விரலும் சுண்டு விரலும் நடுவில் மாட்டிக்கொண்டன. எலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் டாக்டர், "பத்து நாளைக்கு இந்த ரெண்டையும் ஆட்டவே கூடாது" என்று சொல்லிவிட்டார்.

ஆண்டு விழாவுக்கு இருந்ததோ நான்கே நாள்!

விழாவில் ஆஷா பாட வேண்டும், பிரியா கிடார் வாசிக்க வேண்டும். இருவரும் ஐந்தாம் வகுப்பு, ஒரே பெஞ்சு. ஆஷாவின் அப்பா அம்மா ஒடிசாவிலிருந்து திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்கு வந்தவர்கள். பாட்டை ஆஷாவே எழுதியிருந்தாள். பாதி தமிழ், பாதி ஒடியா. சொந்தப் பாட்டு என்பதால் போனில் தேடி இசை போடவும் வழியில்லை. கிடார் இல்லாமல் பாடச் சொன்னாலோ, முதல் வரியைத் தரையில் ஆரம்பித்து மூன்றாவது வரியில் மொட்டை மாடிக்குப் போய்விடுவாள்.

"நாளான்னிக்கு ஒத்திகை. அதுக்குள்ள ஒரு வழி பண்ணலைன்னா பாட்டை எடுத்தறலாம் கண்ணுகளா," என்றார் பாட்டு மிஸ்.

"பரவால்லீங் மிஸ். நாடகத்துல நான் மரமா நின்னுக்கறேன்," என்றாள் ஆஷா.

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். வெளியே வந்ததும் முகம் மாறிவிட்டது.

"எங்கம்மா சூப்பர்வைசர்கிட்ட லீவு கேட்டுட்டாங்க பிரியா. அவங்க நம்ம ஸ்கூலுக்கு வந்ததே இல்ல. மரத்தைப் பார்க்கவா வருவாங்க?"

பிரியாவுக்கு விரலைவிட மனசு அதிகமாக வலித்தது.

வீட்டுக்கு வந்ததும் கிடாரை எடுத்தாள். பல கம்பிகளை ஒன்றாக ஒலிக்கவைக்கிற சுரக்கூட்டுக்குக் கார்டு என்று பெயர். அவளுக்குத் தெரிந்த கார்டுகளுக்கெல்லாம் மூன்று விரல் வேண்டும். இருப்பது இரண்டு. கிடார் பையில் ஒரு கேப்போ கிடந்தது. கிடாரின் கழுத்தில் மாட்டுகிற கிளிப் அது. ஆறு கம்பிகளையும் சேர்த்து அழுத்திப் பிடிக்கும். 'இதுவும் ஒரு விரல் மாதிரிதானே!' என்று மாட்டிப் பார்த்தாள். சுருதிதான் மேலே ஏறியது. கார்டு பிடிக்க அப்போதும் மூன்று விரல் தேவைப்பட்டது.

"ரொம்பத்தான் உதவி பண்ணிட்டே போ!" என்று கேப்போவைத் திட்டினாள்.

கீழ்த்தளத்தில் அப்பாவின் தையல் யூனிட். பிரியா டீ கொண்டு போனபோது அப்பா தையல் மிஷினிலிருந்து ஓர் ஊசியைக் கழற்றிக்கொண்டிருந்தார். அந்த மிஷினுக்கு மூன்று ஊசிகள்.

"ஏனுங்ப்பா, ஊசி ஒடைஞ்சிருச்சா?"

"இல்ல அம்மிணி. இந்த பீசுக்கு ரெண்டு கோடுதான் தைக்கோணும். வேண்டாத ஊசியை எடுத்துட்டா, வேண்டிய எடத்துல மட்டும் தையல் விழும்."

பிரியா டீயை வைத்துவிட்டு அப்படியே நின்றாள். அந்தக் கேப்போ மட்டும் எதற்கு ஆறு கம்பிகளையும் அழுத்த வேண்டும்?

"அப்பா, ஒரு துண்டு எலாஸ்டிக் எடுத்துக்கறனுங்க!"

"எதுக்கு கண்ணு?"

"கிடாருக்குங்க!"

"கிடாருக்கு எதுக்கு ஜட்டி எலாஸ்டிக்?" அப்பாவுக்கு டீ புரையேறியது.

பிரியா தன் அழிரப்பரில் ஒரு துண்டு வெட்டினாள். அதைக் கேப்போவின் உள்பக்கம் வைத்து, எலாஸ்டிக்கால் இறுக்கிக் கட்டினாள். இப்போது ரப்பர் இருக்கும் இடம் மட்டும் கம்பியை அழுத்தும். முதல் துண்டு அகலமாகிவிட்டது, நான்கு கம்பிகளைப் பிடித்தது. அடுத்தது ஒல்லி, வழுக்கி விழுந்தது. மூன்றாவது துண்டு கச்சிதம். மேலிருந்து இரண்டாவது, மூன்றாவது, நான்காவது கம்பிகளை மட்டும் அழுத்தியது. மற்ற மூன்றும் சும்மா இருந்தன.

ஆறு கம்பிகளையும் ஒரு தடவு தடவினாள்.

ஒரு விரல்கூட வைக்கவில்லை. ஆனாலும் கார்டு வந்தது! வீட்டு ஜன்னல்களை எல்லாம் திறந்துவிட்ட மாதிரி அகலமான, குளிர்ச்சியான ஓசை. ஆள்காட்டி விரலையும் நடு விரலையும் இங்கும் அங்கும் வைத்துப் பார்த்தாள். சில இடங்களில் காதைப் பொத்த வேண்டியிருந்தது. சில இடங்களில் அழகாக வந்தது. அழகாக வந்த நான்கு இடங்களை மனப்பாடம் செய்துகொண்டாள்.

ஒத்திகையில் மிஸ் முழுப் பாட்டையும் கேட்டார். முடிந்ததும் நேராக நாடகத்துக்கு வேறு மரம் தேடப் போய்விட்டார்.

விழா நாள் வந்தது. கடைசி வரிசையில் ஆஷாவின் அம்மா உட்கார்ந்திருந்தார். கம்பெனி அடையாள அட்டையைக் கழுத்திலிருந்து கழற்றக்கூட மறந்திருந்தார்.

ஆஷா இரண்டு வரி பாடினாள். அம்மாவைப் பார்த்தாள். அவ்வளவுதான், பாட்டு அப்படியே நின்றுவிட்டது. கூட்டம் சலசலத்தது.

பிரியா பதறவில்லை. விரல்களை எடுத்துவிட்டு வெறும் கம்பிகளை மட்டும் மெல்ல மீட்டினாள். பாட்டில் அப்படி ஓர் இடம் இருப்பதுபோலவே திரும்பத் திரும்ப மீட்டினாள்.

"அவசரமில்லடி. நீ எப்ப வந்தாலும் சேர்ந்துக்கலாம்," என்று கிசுகிசுத்தாள்.

ஆஷா ஒரு மூச்சு இழுத்துவிட்டு மூன்றாவது வரியைப் பிடித்தாள். அதன்பிறகு எங்கும் நழுவவில்லை. ஒடியா வரிகள் வந்தபோது அவள் குரல் இன்னும் தெளிவாகக் கேட்டது. பாட்டு முடிந்த பிறகும் கம்பிகள் கொஞ்ச நேரம் அதிர்ந்துகொண்டே இருந்தன. கைதட்டலாமா வேண்டாமா என்று எல்லோரும் காத்திருந்தார்கள்.

அப்போது கடைசி வரிசையிலிருந்து காது கிழிகிற மாதிரி ஒரு விசில் வந்தது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஆஷாவின் அம்மா, கொஞ்சமும் வெட்கப்படாமல், இரண்டாவது விசிலையும் அடித்தார்.